ஆய்வகப் பதிவு: கடலூர், புதுச்சேரி லேப்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் கியூசி (தரச் சோதனை) லேபில் டிரெயினியாகச் சேர்ந்தேன். பிறகு புதுச்சேரி பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் கியூஏ (தர உறுதி) வேலை பார்த்தேன். இப்போது புதிதாக வரும் அனலிஸ்ட்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பி.எஸ்சி., எம்.எஸ்சி. முடித்து வருகிற பிள்ளைகளுக்கு டைட்ரேஷன் தெரிகிறது, எச்பிஎல்சி (கலவையில் உள்ளவற்றைப் பிரித்து அளக்கும் கருவி) ஓட்டத் தெரிகிறது. செய்ததை எழுதிவைப்பதில்தான் தடுமாறுகிறார்கள். காலேஜில் ரெக்கார்டு நோட்டு என்றால் பரீட்சைக்கு முந்தின வாரம் உட்கார்ந்து அழகாக எழுதுவது. நானும் அந்தப் பழக்கத்தோடுதான் வந்தேன். வகுப்பில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை.

கேள்வி: ரிப்போர்ட்தான் கையில் இருக்கிறதே, அதற்கு மேல் எதை எதற்காக வைத்திருக்க வேண்டும்?

ஊர்க் கிணற்றுத் தண்ணீர் ஒன்று டிடிஎஸ் (கரைந்திருக்கும் திடப்பொருளின் மொத்த அளவு) பார்க்க வருகிறது என்று வையுங்கள். கிண்ணத்தைக் காயவைத்து, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய ஜாடியில்) ஆறவிட்டு எடை போடுகிறீர்கள்: 52.3146 கிராம். வடிகட்டிய தண்ணீர் 100 மி.லி. ஊற்றி, ஆவியாக்கி, 180 டிகிரியில் காயவைத்து மறுபடி எடை: 52.4386. வித்தியாசம் 0.1240 கிராம். அதாவது லிட்டருக்கு 1,240 மி.கி. ரிப்போர்ட்டில் போவது இந்த ஒரு எண்தான். குடிநீருக்கான ஐஎஸ் 10500 (2012) தரப்படி 500 வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி. அந்த ஊர் ஜனங்கள் இதைக் குடிக்கலாமா என்கிற பேச்சே இந்த எண்ணை வைத்துத்தான் நடக்கும்.

ஆறு மாதம் கழித்து ஒருவர் வந்து "இது எப்படி வந்தது?" என்று கேட்டால்? வெறும் கிண்ணத்தின் எடை எழுதப்படவில்லை என்றால் அந்த 1,240 அந்தரத்தில் நிற்கிறது. எந்தத் தராசு, அன்று காலை அதைச் சோதித்தீர்களா, எந்த ஓவன், சாம்பிளை யார் எப்போது எடுத்தார்கள், மறுபடி காயவைத்துப் போட்ட இரண்டாவது எடை என்ன, எல்லாம் சேர்ந்தால்தான் பதிவு. இன்னொருவர் அதே சோதனையை முடிந்தவரை அதே நிலையில் திரும்பச் செய்யும் அளவுக்கு விவரம் இருக்க வேண்டும் என்கிறது சோதனை லேப்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025. லேப்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் அமைப்பின் ஆடிட்டர் உங்கள் நோட்டைப் புரட்டும்போது மனதில் வைத்திருப்பது அதைத்தான்.

கேள்வி: கையில் கிடைத்த பேப்பரில் குறித்துக்கொண்டு, சாயங்காலம் நிதானமாக நோட்டில் ஏற்றினால் என்ன சார் தப்பு?

வகுப்பில் நான் அதிக நேரம் செலவழிப்பது இந்தக் கேள்விக்குத்தான்.

நைட் ஷிப்ட். விடிகாலை இரண்டரை மணி இருக்கும். தராசு அறையில் நோட்டு வைக்க இடமில்லை. எடை போட்ட பட்டர் பேப்பரின் ஓரத்திலேயே 2.0147 என்று குறித்துக்கொண்டேன். மேசைக்கு வந்து நோட்டில் ஏற்றும்போது 2.0417 என்று எழுதிவிட்டேன். இரண்டு இலக்கம் இடம் மாறியதுதான். சாம்பிள் எடை கணக்கில் வகுக்கிற இடத்தில் வரும். ஆக 99.6 சதவீதம் வரவேண்டிய அஸ்ஸே (தூய்மை அளவு) 98.3 என்று வந்தது. குறைந்தபட்ச லிமிட் 99.0. பேட்ச் ஃபெயில்.

காலையில் சீனியர் வந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கு உள்ளூர சந்தேகம் இருந்தது, எண்ணை மாற்றி எழுதியிருப்பேனோ என்று. ஆனால் பட்டர் பேப்பர் குப்பைக்குப் போய், குப்பையும் அள்ளியாகிவிட்டது. நோட்டில் இருக்கும் எண் தப்பு என்று சொல்ல என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை. சாட்சியில்லாமல் ஒரு முடிவை ஒதுக்கித் தள்ள முடியாது. முழு விசாரணை, மறு சாம்பிள், இரண்டு பேர் தனித்தனியாக மறு சோதனை என்று நான்கு நாள் போனது. பிளான்ட்டில் அந்த டிரம்கள் அப்படியே நின்றன. கிடைத்த முடிவுகள் நல்லபடியாக இருந்தன. ஆனாலும் "காரணம் உறுதி செய்யப்படவில்லை" என்றுதான் அந்தக் கோப்பு மூடப்பட்டது. அந்த வரி இன்றைக்கும் எனக்குக் கனக்கிறது.

எண் முதன்முதலில் எங்கே விழுகிறதோ அதுதான் மூலப் பதிவு. கிளவுஸில் எழுதினால் கிளவுஸ்தான் பதிவு. நோட்டில் இருப்பது அதன் நகல். எனவே நோட்டு தராசுப் பக்கத்தில் இருக்கட்டும். இடமில்லை என்றால் சுவரில் ஒரு மடக்குப் பலகை அடிக்கச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை, அதைச் செய்துகொடுப்பது மேலாளரின் கடமை. வேறு வழியே இல்லாமல் துண்டுத் தாளில் எழுத நேர்ந்தால் அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். நோட்டில் ஒட்டி, கையெழுத்தும் தேதியும் போட்டு, ஏன் அப்படி எழுத நேர்ந்தது என்று ஒரு வரி எழுதுங்கள்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு: காலையிலேயே நாள் முழுவதற்கும் ஃபிரிட்ஜ் டெம்பரேச்சரை எழுதி முடித்துவிடுவது. மூன்று மாதம் மாறாமல் 4.0 டிகிரி என்று ஒரு லாக் புக் இருந்தால், அதை யாரும் பார்த்து எழுதவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: தப்பாக எழுதிவிட்டால் எப்படித் திருத்துவது?

ஒற்றைக் கோடு. பழைய எண் படிக்கும்படியாக இருக்க வேண்டும். பக்கத்தில் சரியான எண், காரணம், சுருக்கொப்பம், தேதி. 7.42-ஐ அடித்து 7.24 என்று எழுதினால், "இலக்கம் இடம் மாறியது" என்பதே போதும். ஒயிட்னர் லேபுக்குள் வரவே கூடாது. மேலே மேலே எழுதி 3-ஐ 8 ஆக்குவதும், பக்கத்தைக் கிழிப்பதும் அப்படியே. பக்கத்தில் மிச்ச இடம் இருந்தால் குறுக்குக் கோடு போட்டு மூடுங்கள்.

கேள்வி: எந்தப் பேனா, எந்தத் தாள் என்பதெல்லாம் முக்கியமா?

நம் ஊரில் ரொம்ப முக்கியம். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த புயல் அது. அப்போது நான் இருந்த லேபில் ரெக்கார்டு ரூமின் கூரை ஷீட் பெயர்ந்து, அடுக்கியிருந்த நோட்டெல்லாம் நனைந்துவிட்டது. நாள்கணக்கில் கரண்ட் இல்லை. நைலான் கயிறு கட்டி, நோட்டுகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு வெயிலில் காயவைத்தோம். பால்பாயின்ட் பேனாவில் எழுதிய பக்கங்கள் சுருங்கி, பழுப்பேறி இருந்தாலும் எழுத்து அப்படியே இருந்தது. ஜெல் பேனா பக்கங்களில் எழுத்துப் போய் வெறும் நீலத் தீற்றல்தான் மிச்சம். ஒரு பக்கத்தில் கையெழுத்தின் கடைசி வளைவு மட்டும் தெரிந்தது.

அழியாத மை கொண்ட பால்பாயின்ட் பேனா, பக்க எண் அச்சிட்ட, தைத்துக் கட்டிய நோட்டு. இவ்வளவுதான் தேவை. அடித்தட்டு தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயரத்தில் இருக்கட்டும். வெள்ளத்துக்கும் கரையானுக்கும் இரண்டுக்குமே அது உதவும்.

தராசும் பிஎச் மீட்டரும் துப்பும் பளபளப்பான தாள் வெப்பத் தாள். மையே கிடையாது, சூட்டில் கறுக்கும் பூச்சு மட்டும். இரண்டு மூன்று வருஷத்திலேயே மங்கத் தொடங்கிவிடும். செல்லோ டேப்பை அதன் மேல் ஒட்டினால் ஒட்டின இடம் இன்னும் சீக்கிரம் வெளுக்கும். லேமினேட் செய்தால் சூட்டில் முழுதுமே கறுத்துவிடும். அன்றைக்கே சாதாரணத் தாளில் நகல் எடுத்து, "அசலைப் பார்த்து எடுத்த நகல்" என்று கையெழுத்திட்டு, இரண்டையும் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: தமிழில் எழுதலாமா?

எழுதலாம். 17025 எந்த மொழி என்று விதிக்கவில்லை. உங்கள் லேபின் செயல்முறை ஆவணத்தில் "தமிழிலோ ஆங்கிலத்திலோ" என்று ஒரு வரி இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்தால் மொழிபெயர்ப்பு கேட்பார்கள். அதைக் கொடுத்தால் போயிற்று.

என் அனுபவத்தில், ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தும்போது உண்மையில் பார்த்தது பாதி காணாமல் போகிறது. ஒரு ஆபரேட்டர் அண்ணன் ரியாக்டரிலிருந்து சாம்பிள் கொண்டுவந்து "தம்பி, இன்னைக்குக் கொஞ்சம் வெல்லப்பாகு மாதிரி இருக்கு, வாசனையும் வேற" என்றார். லாக் ஷீட்டில் அவர் எழுதியிருந்தது ஒரே வார்த்தை: "ஓகே". வாயால் சொன்னதை எழுதியிருந்தால் அதைவிட நல்ல பதிவு இல்லை.

கேள்வி: லிமிட்டுக்கு வெளியே வந்துவிட்டது. மறுபடி ஓட்டி நல்லதாக வந்தால் அதை மட்டும் ரிப்போர்ட் பண்ணலாமா?

கூடாது. முதல் முடிவு பதிவில் இருந்தே ஆக வேண்டும். 1993-ல் அமெரிக்காவில் பார் லேபரட்டரீஸ் என்ற மருந்துக் கம்பெனியின் வழக்கில் நீதிபதி வோலின் இதைத் தெளிவாகத் தீர்த்துவைத்தார்: பாஸ் ஆகும்வரை சோதித்துக்கொண்டே போக முடியாது, ஃபெயிலான எண்ணை நல்ல எண்களோடு சேர்த்துச் சராசரி எடுத்து மறைக்கவும் முடியாது. முதலில் லேபில் தப்பு நடந்ததா என்று பாருங்கள்: கணக்கு, கரைசல், கருவி, கண்ணாடிச் சாமான். இதற்காகவே, முடிவு சரி என்று தெரியும்வரை கரைசல்களைக் கொட்டாதீர்கள். தப்புக்கு ஆதாரம் கிடைத்தால் அதை எழுதி முதல் முடிவைச் செல்லாததாக்கலாம். கிடைக்கவில்லை என்றால் அந்த முடிவு நிற்கும்.

எச்பிஎல்சியில் இது வேறு வேஷத்தில் வரும். "டிரையல்" என்று ஒரு போல்டர் போட்டு, சாம்பிளை முதலில் அதில் இன்ஜெக்ட் செய்து பார்ப்பது. கருவி தரும் வரைபடத்தில் பீக்கின் (மேட்டின்) அடிக்கோட்டைக் கையால் ஏற்றி இறக்கி, பரப்பளவைத் தேவைக்குக் கொண்டுவருவது. கையால் இன்டகிரேஷன் (பீக்கின் பரப்பளவைக் கணக்கிடுவது) செய்வது எப்போதும் குற்றமல்ல; இரண்டு பீக் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது தேவைப்படும். ஆனால் ஏன் செய்தீர்கள் என்பதும், செய்வதற்கு முந்தைய குரோமட்டோகிராமும் (வரைபடமும்) இருக்க வேண்டும்.

கழிவுநீர், ஊர்த் தண்ணீர், மாத்திரை எதுவானாலும் அந்த எண்ணின் மறுமுனையில் ஒரு குடும்பம் இருக்கிறது. மேலே இருந்து அழுத்தம் வந்தால், "எழுத்தில் கொடுங்க சார்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அத்தோடு அது நின்றுவிடும்.

கேள்வி: எக்செல் போதாதா?

கணக்குப் போட உதவும். எல்லாவற்றையும் அதில் குடிவைக்கக் கூடாது.

சாம்பிள் எண் 3-4 என்று அடித்தால் அது தேதியாக மாறிவிடும். 0047 என்றால் வெறும் 47. பதினைந்து இலக்கத்துக்கு மேல் உள்ள பார்கோடு எண்ணின் வாலைப் பூஜ்யமாக்கிவிடும். ஆராய்ச்சி உலகமே இதில் அடிபட்டிருக்கிறது: மார்ச்1, செப்ட்2 என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், 2020-ல் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தில் பழைய எக்செல் கோப்பு வடிவத்தின் 65,536 வரிசை வரம்பைத் தாண்டியதால் கிட்டத்தட்ட 16,000 கொரோனா பாசிட்டிவ் முடிவுகள் கணக்கில் வராமல் விடுபட்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை நாள்கணக்கில் தாமதமானது.

எக்செல்லில்தான் கணக்குப் போட வேண்டும் என்றால்: ஃபார்முலா உள்ள கட்டங்களைப் பூட்டுங்கள். ஒரு கணக்கைக் கையால் போட்டு, இரண்டும் ஒத்துவருவதை எழுதி வையுங்கள். ஷீட்டுக்குப் பதிப்பு எண் கொடுங்கள். சாம்பிள் எண்ணை அடிப்பதற்கு முன்பே அந்தக் கட்டத்தை எழுத்து வகைக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ரவுண்டிங்கில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்களே?

இரண்டு வழக்கும் உண்மைதான். 12.25-ஐ ஒரு தசமத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றால், இந்தியத் தரமான ஐஎஸ் 2 சொல்லும் முறையில் 12.2, சரியாக 5-ல் முடிந்தால் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போக வேண்டும். அமெரிக்க மருந்து நூலான யுஎஸ்பி முறையில் 12.3. எக்செல்லின் ரவுண்ட் ஃபார்முலாவும் 12.3 என்றே தரும். எந்தத் தரத்துக்கு ரிப்போர்ட் போகிறதோ அதன் முறை. இரண்டிலும் ஒரு விதி பொது: கடைசியில் ஒரே தடவைதான் ரவுண்ட் செய்ய வேண்டும். 0.4549 என்பது 0.45. அதை முதலில் 0.455 ஆக்கி, பிறகு 0.46 ஆக்கினால் தப்பு.

கேள்வி: தேதி எழுதும் முறை?

03/04/2024 என்பது நமக்கு ஏப்ரல், அமெரிக்கருக்கு மார்ச். 2024-04-03 என்றோ, மாதத்தை எழுத்திலோ எழுதுங்கள். கருவிகளின் கடிகாரத்தை மாதம் ஒருமுறை சரிபாருங்கள். கரண்ட் போய்வந்த பிறகு உடனே பாருங்கள். உள்ளே பேட்டரி செத்த பழைய கருவி பல வருஷம் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: எல்லோருக்கும் ஒரே லாகின் வைத்திருக்கிறோம். பரவாயில்லையா?

இல்லை. யார் செய்தது என்று தெரியாத பதிவு பதிவாகாது. மின்னணுப் பதிவுகளுக்கான அமெரிக்க விதி 1997-ல் வந்தது. ஆளுக்கு ஒரு அடையாளம், தானாகப் பதியும் ஆடிட் டிரெயில் (யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடம்), அழிக்க முடியாத மாற்ற வரலாறு ஆகியவற்றைத்தான் அதுவும் கேட்கிறது. சோதனை செய்பவரிடம் அட்மின் உரிமை, தேதி மாற்றும் உரிமை, டெலீட் உரிமை மூன்றும் இருக்கக் கூடாது. ஐடி ஆளோ வேறு துறையினரோ வைத்துக்கொள்ளட்டும். ஆடிட் டிரெயில் இருந்தால் மட்டும் போதாது, யாராவது அதைத் திறந்து படிக்கவும் வேண்டும்.

கேள்வி: பேக்கப் எடுக்கிறோம், எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் அலமாரியில் இருக்கிறது. போதுமா?

அந்த அலமாரி எந்த அறையில் இருக்கிறது? கம்ப்யூட்டர் இருக்கும் அதே அறையில் என்றால், தீயோ தண்ணீரோ வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வெளியூரில் என்பது பொதுவான கணக்கு.

வெளியூர் என்பதில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். கடலூர் கம்பெனி தன் பிரதியைப் புதுச்சேரி யூனிட்டில் வைக்கிறது, புதுச்சேரி கம்பெனி கடலூரில் வைக்கிறது. நடுவில் 20 கி.மீ. சொச்சம். தானே புயல் இரண்டு ஊரையும் ஒரே காலையில் அடித்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து தென்பெண்ணை பெருக, கடலூர்ப் பக்கம் வெள்ளம். பிரதி கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ இருக்கட்டும், அல்லது கிளவுடில்.

இன்னொன்று, எடுத்த பேக்கப்பைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில், பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட்டில் நேர்ந்த பிழையே 77 டெராபைட் ஆராய்ச்சிக் கோப்புகளை அழித்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பழைய குரோமட்டோகிராம் ஒன்றை பேக்கப்பிலிருந்து வேறு கம்ப்யூட்டரில் மீட்டு, அதே பரப்பளவு வருகிறதா என்று பார்த்து எழுதி வையுங்கள். அரை மணி நேர வேலை.

புயல் எச்சரிக்கை வந்தால் கருவிகளை முறைப்படி நிறுத்துவது, பிளக்கைப் பிடுங்குவது, நடப்பு நோட்டுகளைப் பாலித்தீன் பையில் கட்டி மேல்மாடிக்கு ஏற்றுவது, இவற்றை யார் செய்வது என்று அக்டோபர் பிறக்கும் முன்னே பேர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: கோப்புக்கு எப்படிப் பெயர் வைப்பது?

"புதுசு", "புதுசு ஃபைனல்", "ஃபைனல் கடைசி" வேண்டவே வேண்டாம். தேதி, சாம்பிள் எண், சோதனை, எத்தனையாவது ஓட்டம். 2024-11-28_கிணறு03_டிடிஎஸ்_01 போல இருந்தால் தேதி வரிசையில் தானாக அடுக்கிக்கொள்ளும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் உலர்தாவரத் தாள்களைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள். உலர்ந்த செடியின் கீழே ஒரு சின்ன லேபிள்: பெயர், எங்கே, எப்போது, யார் பறித்தது. அந்த லேபிள் விழுந்துவிட்டால் அது வெறும் சருகு.

கேள்வி: எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும்?

17025 வருஷம் சொல்லவில்லை. சட்டமும் ஒப்பந்தமும் கேட்பதைப் பார்த்து லேபே முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும். அமெரிக்காவுக்குப் போகும் மருந்தென்றால் அந்த பேட்சின் காலாவதிக்குப் பிறகு குறைந்தது ஓராண்டு. பல விதிகள் ஒன்றாகப் பொருந்தினால் எது நீளமோ அது.

வைத்திருப்பது ஒன்று, படிக்க முடிவது வேறு. 1955-ல் தொடங்கிய அதே பிரெஞ்சு நிறுவனத்தின் சைவ ஓலைச்சுவடிகள் 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஓலையைப் படிக்கக் கண்ணும் எழுத்தறிவும் போதும். நம் எச்பிஎல்சி கோப்புக்கு அந்தக் கம்பெனியின் அந்தப் பதிப்பு சாஃப்ட்வேர் வேண்டும், அது ஓட பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் வேண்டும். கருவியைக் கழித்துக்கட்டுவதற்கு முன்பே, மூலக் கோப்போடு பிடிஎஃப் பிரதியும் சிஎஸ்வி (எதிலும் திறக்கும் எளிய எழுத்துக் கோப்பு) பிரதியும் எடுத்துவிடுங்கள். பிடிஎஃப்-ஐ வைத்து மறுபடி இன்டகிரேட் செய்ய முடியாது, எனவே மூலக் கோப்பையும் அழிக்காதீர்கள்.

கேள்வி: எங்களுடையது ஐந்து பேர் லேப். லிம்ஸ் (லேப் பதிவுகளை நிர்வகிக்கும் சாஃப்ட்வேர்) வாங்க வேண்டுமா?

இப்போது வேண்டாம். காகிதத்தில் ஒழுங்கு இல்லாத லேபில் லிம்ஸ் வந்தால் அதே குழப்பம் கம்ப்யூட்டருக்குள் போகும், வருஷக் கட்டணத்தோடு. சாம்பிள் பதிவேடு, எண்ணிட்ட வொர்க்‌ஷீட், கருவி லாக் புக் மூன்றும் ஆறு மாதம் தவறாமல் ஓடட்டும். மாதத்துக்குச் சில நூறு சாம்பிள் என்று வளர்ந்து, ஒன்றைத் தேடுவதற்கே அரை நாள் ஆகிற நிலை வந்தால் அப்போது பாருங்கள். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: "நாங்கள் உங்களை விட்டுப் போனால் எங்கள் டேட்டாவை எந்த வடிவத்தில் திருப்பித் தருவீர்கள்?"

கேள்வி: வேலையை விட்டுப் போகிறேன். நோட்டு என்னுடையதுதானே, எடுத்துப் போகலாமா?

உங்கள் கையெழுத்து, ஆனால் நோட்டு லேபுடையது. போட்டோ எடுத்துக்கொண்டு போவதும் கூடாது. கடைசி நாளில் அவசரமாகக் கொடுக்காமல் ஒரு வாரம் முன்பே உட்காருங்கள். திறந்திருக்கும் பக்கங்களை முடித்துக் கையெழுத்திடுங்கள். பாதியில் நிற்கும் சோதனைகளைப் பட்டியல் போடுங்கள். ஃபிரிட்ஜில் உங்கள் சுருக்கெழுத்தில் லேபிள் ஒட்டிய பாட்டில்களை, அடுத்து வரும் தம்பியையோ தங்கச்சியையோ பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, முழுப் பெயரும் தயாரித்த தேதியும் எழுதிய லேபிளை மாற்றி ஒட்டிவிட்டுப் போங்கள்.